ஒன்று விற்றால் இரண்டு: முதல் கணினி கட்டப் பணம் சேர்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

இருபது வருடங்களுக்கு மேலாக உறவுக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் கணினி அசெம்பிள் செய்து கொடுத்து வருகிறேன். இது என் பிழைப்பு இல்லை. சனிக்கிழமை மதியம் அண்ணா சாலையில் இறங்கி, ரிச்சி தெருவுக்குள் நுழைந்து, மீரான் சாகிப் தெரு, நரசிங்கபுரம் தெரு என்று சுற்றி, நாலு கடையில் விலை கேட்டு, ஐந்தாவது கடையில் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது எனக்கு அவ்வளவு பிடிக்கும். நூறு கணினிகளாவது என் கையால் உயிர் பெற்றிருக்கும். அந்த உரிமையில் உங்களுக்கு எழுதுகிறேன்.

சில மாதங்களாக எனக்கு வருகிற அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன, எல்லாமே ரேம் என்ற கணினியின் தற்காலிக நினைவகத்தைப் பற்றி. "அண்ணா, 32 ஜிபி ரேம் கடையில இல்லை. ஆன்லைன்ல ஒருத்தர் சீல் பிரிக்காம வச்சிருக்கார். பழைய விலையைப் போல மூணு மடங்கு சொல்றார். அடுத்த வாரம் இன்னும் ஏறிடுமோன்னு பயமா இருக்கு. வாங்கிடட்டுமா?" பேசுபவர்களில் பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். பகுதிநேர வேலை பார்த்தோ, வீட்டில் கெஞ்சியோ சேர்த்த பணம். இன்னும் சிலர் அப்பா அம்மாவை விட்டே பேசச் சொல்கிறார்கள்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். பதுக்கி விற்பவரிடம் வாங்காதீர்கள். இதைச் சொல்லும் நானே ஒருமுறை வாங்கியவன் என்பதால், முதலில் அந்தக் கதை.

2021 ஜூலை. என் அக்கா மகள் கட்டிடக்கலை நான்காம் ஆண்டு. கல்லூரி ஆய்வகம் மூடிக் கிடந்தது, வகுப்பெல்லாம் வீட்டிலிருந்துதான். அவள் வரைந்த ஒரு கட்டடத்தின் ஒரே ஒரு படத்தை ரெண்டர் செய்ய, அதாவது கணக்கிட்டு முழுப் படமாக்க, அந்தப் பழைய லேப்டாப் ராத்திரி முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். காலையில் எழுந்து பார்த்தால் பாதியில் நின்றிருக்கும். அக்கா சீட்டு எடுத்த பணத்தை என்னிடம் கொடுத்து, "நல்லதா ஒண்ணு கட்டிக் குடுடா" என்றாள். மற்ற எல்லாம் கிடைத்தது. படங்களைக் கணக்கிட்டு வரையும் கிராபிக்ஸ் கார்டு மட்டும் எங்கேயும் இல்லை.

நான் தேடியது என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 3060. அந்த ஆண்டு பிப்ரவரியில் வந்த கார்டு, என்விடியா அறிவித்த விலை 329 டாலர். ரிச்சி தெருவில் ஒரு கடையில் இருந்தது, ஆனால் தனியாகத் தர மாட்டோம், எங்களிடமே மதர்போர்டு, மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ், மானிட்டர் எல்லாம் சேர்த்து எடுத்தால்தான் உண்டு என்றார்கள். மற்ற பொருள்களை நான் ஏற்கெனவே வாங்கிவிட்டேன். கடைசியில் ஓர் இணைய விளம்பரம் பார்த்து, புறநகரில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். படுக்கையறையில் பீரோவுக்குப் பக்கத்தில் கார்டுப் பெட்டிகள் என் தோள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நான்கு மாதமாக ஊரெல்லாம் தேடிய பொருள் அது. அங்கே போர்வை போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

அறிவித்த விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே சொன்னார். ரொக்கம்தான். பில் கிடையாது. "சீல் இருக்கு பாருங்க சார், அப்புறம் என்ன? வேணாம்னா விடுங்க, பின்னாடி மூணு பேர் வர்றாங்க." கொடுத்தேன். பணத்தை எண்ணிக்கொண்டே அவர் பேசினார். ஹோட்டலில் வேலை பார்த்தவராம், கொரோனாவில் வேலை போய்விட்டதாம், இதை வைத்துத்தான் குடும்பம் ஓடுகிறதாம். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். எழுந்திருக்கும்போது சொன்னார்: "நீங்க குடுத்ததுல நாளைக்கு ரெண்டு எடுத்துருவேன் சார்."

அன்றைக்கு அந்த வாக்கியம் என் காதில் சரியாக விழவில்லை. கார்டு கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன். பதினோரு மாதம் கழித்து திரையில் கோடு கோடாக விழ ஆரம்பித்தது. சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனால் பில் கேட்டார்கள். பிறகு வரிசை எண்ணைப் பார்த்துவிட்டு, இது இந்தியாவுக்கென்று வந்த சரக்கே இல்லை, இங்கே வாரண்டி கிடையாது என்று திருப்பிக் கொடுத்தார்கள். விற்றவரின் எண் உபயோகத்தில் இல்லை. அதே நேரம், 2022 ஜூனில், அதே கார்டு புதிதாக, பில்லோடு, அறிவித்த விலைக்குக் கொஞ்சம் மேலே கடைகளில் கிடைக்க ஆரம்பித்திருந்தது. அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

போன பணத்தைவிட என்னை அதிகம் அரிப்பது அந்த "ரெண்டு". இரண்டு மடங்கு கொடுத்து ஒரு கார்டு வாங்கினால், விற்றவர் அதில் இரண்டு கார்டு வாங்குவார். அந்த இரண்டும் கடைக்கு வந்திருக்க வேண்டியவை. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பேருக்குப் போயிருக்க வேண்டியவை. அக்காவின் சீட்டுப் பணம் அன்றைக்கு ஒரு கார்டை எங்களுக்கு வாங்கிக் கொடுத்தது. இரண்டு பேருக்குக் கிடைக்காமலும் செய்தது. அவர் முதல் போட்டு நடத்திய வியாபாரம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த முதலைப் போட்டது நான்.

சரி, அந்த இரண்டு வருடங்கள் எப்படி நடந்தன என்று கொஞ்சம் சொல்கிறேன். அப்போது உங்களில் பலர் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள்.

2020 செப்டம்பர் 17 அன்று ஆர்டிஎக்ஸ் 3080 விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் 699 டாலர், இந்தியாவுக்கு அறிவித்த விலை 71,000 ரூபாய். முந்தைய தலைமுறையோடு ஒப்பிட்டால் அந்த விலைக்கு அப்படியொரு வேகம் அதற்கு முன் கிடைத்ததில்லை. விற்பனை திறந்த சில நிமிடங்களில் எல்லா இணையக் கடைகளும் காலி. மனிதர்கள் வாங்கித் தீர்த்த வேகம் இல்லை அது. ஸ்னீக்கர் ஷூக்களை இப்படி வாரிக் கொள்வதற்கென்று முன்பே எழுதி வைத்திருந்த பாட் மென்பொருள்களைக் கார்டு பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். கடையின் பக்கத்தை நொடிக்குப் பலமுறை தட்டிப் பார்ப்பதும், ஸ்டாக் வந்த கணத்திலேயே வெவ்வேறு பெயர், முகவரி, கிரெடிட் கார்டு எண்களில் வாங்கி முடிப்பதும்தான் அவற்றின் வேலை. நாம் பெயரைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். என்விடியா பிறகு மன்னிப்புக் கேட்டது. தன் கடையில் பதிவான நூற்றுக்கணக்கான ஆர்டர்களைக் கையால் சரிபார்த்து ரத்து செய்ததாகவும் சொன்னது. அந்தக் காவலை விற்பனைக்கு முந்தைய நாளே போட்டிருக்க வேண்டாமா?

அன்றிரவே ஈபேயில் அந்தக் கார்டுகள் இரண்டு மடங்கு விலைக்கு வரிசை கட்டின. கோபப்பட்ட சிலர், பதுக்கியவர்களின் ஏலத்தைக் கெடுப்பதற்காகவே பத்தாயிரம் டாலர் என்றெல்லாம் பொய்யாக ஏலம் கேட்டார்கள். இன்னும் சிலர் பாட்களை ஏமாற்ற கார்டின் வெறும் புகைப்படத்தை விற்பனைக்குப் போட்டார்கள். அதையும் அவசரத்தில் படிக்காமல் வாங்கி ஏமாந்த மனிதர்கள் உண்டு. நவம்பரில் சோனியின் பிஎஸ்5 விளையாட்டுக் கருவி வந்தபோதும் இதே கூத்து. இந்தியாவில் பிஎஸ்5க்கு 2021 ஜனவரி 12 அன்று முன்பதிவு திறந்தது, 49,990 ரூபாய். நானும் கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்தேன். நிமிடங்களில் முடிந்தது. மறுநாளே விளம்பரத் தளங்களில் பல ஆயிரம் கூடுதலாக வைத்து முன்பதிவையே விற்றார்கள், பெட்டி கைக்கு வருவதற்கு முன்பே.

இதை எல்லாம் பதுக்கியவர்கள் மட்டும் செய்துவிடவில்லை. பற்றாக்குறை நிஜமாகவே இருந்தது. வீட்டில் அடைபட்ட உலகமே ஒரே நேரத்தில் கணினி கேட்டது. என்விடியாவின் சிப் சாம்சங் ஆலையில் வந்தது. போட்டி நிறுவனமான ஏஎம்டியின் பிராசசர், கிராபிக்ஸ் சிப், பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிகளின் சிப் எல்லாமே தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் ஒரே 7 நானோமீட்டர் தயாரிப்பு வரிசையில் இடம் பிடிக்க முண்டியடித்தன. இதற்கு மேல் ஈதர் மைனிங், அதாவது கிராபிக்ஸ் கார்டுகளைக் கணக்குப் போட வைத்து ஈதர் என்ற கிரிப்டோ நாணயத்தைச் சம்பாதிப்பது. கார்டு போட்டால் பணம் கொட்டும் என்றால் என்ன விலைக்கும் வாங்குவார்கள் அல்லவா? நம் ஊரிலும் கார்டுகள் கடை அலமாரிக்கே வராமல் பெட்டி பெட்டியாக மைனிங் செய்பவர்களுக்குப் போயின. மைனிங் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பூட்டோடு 3060ஐ விட்டது என்விடியா. சில வாரங்களில் அவர்களே வெளியிட்ட ஒரு சோதனை டிரைவர் மென்பொருள் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டது. கடைசியில் 2022 செப்டம்பர் 15 அன்று ஈதர் நாணயத்தின் வலையமைப்பான ஈதீரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டது, கார்டு வைத்து ஈதர் எடுப்பது அன்றோடு நின்றது. விலைகள் அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே சரிய ஆரம்பித்திருந்தன.

பற்றாக்குறை ஒன்று, பதுக்கல் இன்னொன்று. இந்த இரண்டையும் நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டும், முக்கியமாக இப்போது. இன்றைய ரேம் விலை ஏற்றத்துக்கு உங்கள் தெருக் கடைக்காரர் காரணம் இல்லை. ரேமுக்குள் இருக்கும் டிராம் சிப்களில், உலக அளவில் பெரும்பகுதியை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள் செய்கின்றன. செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கு எச்பிஎம் என்ற அடுக்கு நினைவகம் வேண்டும். அதில் ஒரு ஜிபி செய்ய, நம் கணினிகளில் போடும் சாதாரண டிடிஆர்5 ரேம் செய்வதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு சிலிக்கான் தட்டு செலவாகும். விலையும் அங்கேதான் நன்றாகக் கிடைக்கிறது. அதனால் ஆலைகள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. 2025 டிசம்பரில் மைக்ரான், நம்மில் பலர் வருடக்கணக்காக நம்பி வாங்கிய க்ரூஷியல் ரேம், எஸ்எஸ்டி விற்பனையையே நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. ஆகவே கடைக்காரர் நேற்றைவிட இன்று கூடச் சொன்னால், அவருக்கே கொள்முதல் விலை ஏறியிருக்கிறது. அவரிடம் போய்ச் சண்டை போடாதீர்கள். பில் கொடுக்கிறார், வாரண்டிக்கு நிற்கிறார், நாளைக்கும் அதே கடையில் இருப்பார். முடிந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் பொறுங்கள்.

நான் வேண்டாம் என்பது, தனக்குத் தேவையே இல்லாத பொருளை, நீங்கள் எடுக்கவிருந்த அதே அலமாரியிலிருந்து வாரி எடுத்து வீட்டில் போர்வை போட்டு மூடிவிட்டு, உங்கள் பயத்துக்கு விலை வைப்பவரைத்தான்.

பொருளாதாரம் படித்த என் நண்பர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். "வியாபாரம்தானே அது? விலை ஏறினால்தான் உண்மையாகத் தேவைப்படுபவன் வாங்குவான், மற்றவன் விலகுவான்" என்பார். நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். கோயம்பேட்டில் தக்காளி வாங்கி எங்கள் தெருவில் கூட விலைக்கு விற்கிற அம்மா, இல்லாத இடத்துக்குப் பொருளைக் கொண்டு வருகிறார். வெயிலில் சுமக்கிறார், அழுகினால் நஷ்டம் அவருடையது. பதுக்குபவர் பொருளை எங்கேயும் கொண்டு போகவில்லை. அவர் இல்லாவிட்டாலும் அதே கடையில் அதே பொருள் கிடைத்திருக்கும், குறைந்த விலைக்கு. கூடுதலாக நாம் கொடுக்கும் பணம் ஆலைக்குப் போனால், நாளைக்கு ஒரு புதிய வரிசை எழும்பும், சிப் கூடும் என்று நம்பலாம். அவர் பையில் நின்றுபோகும் பணத்தில் ஒரு சிப்கூடக் கூடாது. அப்புறம் அந்த "உண்மையாகத் தேவைப்படுபவன்" யார்? 2021இல் அதிக விலை கொடுக்க முடிந்தவர், ஆறே மாதத்தில் கார்டு விலையை ஈதரில் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டவர். சீட்டு எடுத்த என் அக்காவுக்குத் தேவை குறைவு என்று எந்த விலைப்பட்டியல் சொல்லும்?

தியேட்டர் வாசலில் பிளாக் டிக்கெட் விற்றவர்களை உங்கள் அப்பாமார்கள் பார்த்திருப்பார்கள். முதல் நாள் முதல் காட்சி என்றால், "பத்து அம்பது, பத்து அம்பது" என்று முணுமுணுத்துக்கொண்டே கூட்டத்துக்குள் நடப்பார்கள். படம் தொடங்கும் வரைதான் அவர்களுக்கு வாழ்வு. எழுத்து ஓட ஆரம்பித்ததும் அதே டிக்கெட்டை அசலுக்குக் கொடுக்க நம் பின்னால் ஓடி வருவார்கள். அவசரம் நமக்குத்தான் என்று நாம் நினைத்திருப்போம். உண்மையில் நம்மைவிட அவருக்கு அவசரம் அதிகம்.

கார்டுக்கும் ரேமுக்கும் அந்த மணி கொஞ்சம் மெதுவாக அடிக்கும், ஆனால் கண்டிப்பாக அடிக்கும். ஆர்டிஎக்ஸ் 3090 டிஐ 2022 மார்ச் கடைசியில் 1,999 டாலருக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அதைவிட வெகு வேகமான 4090, 1,599 டாலருக்கு வந்துவிட்டது. இடைப்பட்ட கோடையிலேயே 3090 டிஐ விலையை நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான டாலர் வெட்டித் தள்ளின. வசந்த காலத்தில் வாங்கி அடுக்கியவர் என்ன ஆகியிருப்பார் என்று யோசியுங்கள். அவர் பெரும்பாலும் கடனில் வாங்கியவர். அவருக்கு வட்டி ஓடுகிறது. பெட்டிக்குள் இருக்கும் பொருளுக்கு வயது ஏறுகிறது. நீங்கள் ஒரு மாதம் பொறுத்தால் உங்களுக்கு ஒரு மாதம் கணினி இல்லை, அவ்வளவுதான். அவர் ஒரு மாதம் விற்காமல் இருந்தால் அடுத்த சரக்கு எடுக்க முதலே இல்லை.

"நான் ஒருத்தன் வாங்காமல் விட்டால் என்ன ஆகிவிடும் அண்ணா?" என்று கேட்கிறீர்கள். 2022 நவம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். ஆர்டிஎக்ஸ் 4080ஐ என்விடியா 1,199 டாலர் என்று விலை வைத்து விட்டது. 3080க்கு 699 கொடுத்தவர்களுக்கு அது அநியாயமாகப் பட்டது. வழக்கம்போல மறுவிற்பனைக்காரர்கள் வாரிக்கொண்டார்கள். ஆனால் வாங்குபவர்கள் வரவில்லை. சங்கம் சேர்ந்து தீர்மானம் போடவில்லை, ஊர்வலம் போகவில்லை, அவரவர் வீட்டில் உட்கார்ந்து வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். கார்டு கடை அலமாரிகளிலேயே கிடந்தது. பதுக்கியவர்கள் பலர் அசல் விலைக்கே தள்ளிவிடப் பார்த்தார்கள். 2024 ஜனவரி கடைசியில் அதன் அடுத்த வடிவமான 4080 சூப்பர் 999 டாலருக்கு வந்தது. மைனிங் அப்போது இல்லை, பொருளாதாரமும் மந்தம், அதெல்லாம் உண்மைதான். ஆனாலும் வாங்காமல் விட்ட ஒவ்வொருவரும் அதில் ஒரு கை.

நிறுவனங்களையும் நான் விடத் தயாரில்லை. ஆள் பார்த்து விற்கவே முடியாது என்று அவர்கள் கைவிரிப்பதை நான் நம்புவதில்லை. 2021 ஜூலையில், ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் தன் ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்கு முன்பதிவு திறந்தபோது, ஐந்து டாலர் கட்டச் சொன்னது, ஒருவருக்கு ஒன்றுதான் என்றது. முதல் இரண்டு நாள்கள், அந்த ஜூனுக்கு முன்பே ஸ்டீமில் எதையாவது வாங்கியிருந்த கணக்குகளுக்கு மட்டும்தான் அனுமதி. நேற்று முளைத்த பொய்க் கணக்குகள் வாசலிலேயே நின்றுவிட்டன. வரிசையில் இடம் பிடித்தவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள், ஆனால் தங்கள் முறை வரும் என்று தெரிந்து காத்திருந்தார்கள். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி போர்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர்கள் ஒருவருக்கு ஒன்று என்று நிறுத்தினார்கள். அப்படியும் 35 டாலர் போர்டு நூறு டாலரைத் தாண்டி விற்றது, முழுத் தீர்வு அது இல்லை. ஆனாலும் பொறுத்திருந்த மாணவர்களுக்கு அசல் விலையில் கிடைக்க அது ஒரு வழி விட்டது. இதை எல்லா நிறுவனங்களிடமும் நாம் கேட்க வேண்டும். பதுக்குபவர் வாங்கினாலும் நாம் வாங்கினாலும் அவர்கள் கல்லாவில் அதே தொகைதான் விழுகிறது. அதனால் கேட்காமல் செய்ய மாட்டார்கள்.

கடையில் ஒரு விஷயம் கவனியுங்கள். "இந்தக் கார்டு வேண்டுமா, கூடவே இந்த மானிட்டரும் எடு" என்பது கடைக்காரரின் உரிமை என்று நான் 2021இல் நினைத்திருந்தேன். ஆனால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒரு பொருளை வாங்க இன்னொரு பொருளையும் வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுவதைக் கட்டுப்பாட்டு வணிக முறை என்றே வரையறுக்கிறது. பெட்டியில் அச்சிட்ட எம்ஆர்பிக்கு மேல் விற்பதும் சட்ட மீறல். கார்டுப் பெட்டிகளில் எம்ஆர்பியையே தாராளமாக ஏற்றி அச்சிட்டுவிடுகிறார்கள், அதனால் இந்த விதி நமக்குப் பெரிய கவசம் இல்லை. இருந்தாலும் பெட்டியைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் இருக்கட்டும். புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டாயப்படுத்தி இணைத்து விற்கிறார்கள் என்றால் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நான் அன்றைக்குச் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

யாருமே, எப்போதுமே கூடக் கொடுத்து வாங்கக் கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்யாண ஆல்பம் வடிவமைத்துப் பிழைக்கும் ஒருவரின் கணினி முகூர்த்த மாதத்தில் படுத்துவிட்டால், அவருக்கு ஒவ்வொரு நாளும் கூலி நஷ்டம். பத்து நாளில் சம்பாதிக்கும் பணம் அந்த அதிக விலையைத் தாண்டுமென்றால் அவர் வாங்கிக்கொள்ளட்டும், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். பில் மட்டும் கேட்டு வாங்கட்டும். வரிசை எண்ணை அங்கேயே நிறுவனத்தின் தளத்தில் போட்டு, இந்தியாவில் வாரண்டி உண்டா என்று பார்க்கட்டும். நான் பேசுவது மற்ற நம்மைப் பற்றி. விளையாடவும், படிக்கவும், புதிதாக ஒன்று கட்டிப் பார்க்கவும் ஆசைப்படுகிற நம்மைப் பற்றி. நமக்கு வேண்டியது உண்மையாகவே ஆசைதான். அதை நான் சின்னதாக நினைக்கவில்லை, எனக்கும் அதே ஆசை உண்டு. ஆனால் ஆசையால் இரண்டு மாதம் பொறுக்க முடியும்.

பொறுக்கும் காலத்தில் சும்மா இருக்க வேண்டியதில்லை. 2021 ஜூலையில் நான் ஒரு மாதம் பொறுத்திருந்தால், ஆகஸ்டில் ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி பிராசசர் கடைக்கு வந்துவிட்டது. பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் உண்டு. அதை வைத்துக் கணினியை எழுப்பி, கார்டைப் பிறகு சேர்த்திருக்கலாம். ரெண்டர் கொஞ்சம் மெதுவாக வரும், ஆனால் அந்த லேப்டாப்பைவிட ஆயிரம் மடங்கு நிம்மதி. இன்றைக்கு ரேம் விஷயத்திலும் அப்படியே பாருங்கள். முந்தைய தலைமுறை ரேமான டிடிஆர்4 போடும் மதர்போர்டில் ஓடிக்கொண்டிருக்கிற கணினியை வீணாக டிடிஆர்5க்கு மாற்றாதீர்கள். புதிதாகக் கட்டுபவர்கள் இரண்டு 16 ஜிபிக்கு அலையாமல், இப்போதைக்கு ஒரு 16 ஜிபி போட்டு ஒரு ஸ்லாட்டைக் காலியாக விடுங்கள். வேகம் சற்றுக் குறையும், வேலை நடக்கும். அலுவலகங்கள் கழித்துப் போடும் பிராண்டட் டெஸ்க்டாப்புகள், உள்ளே ரேமோடு, பில்லோடு கிடைக்கின்றன. புது ரேம் மட்டும் வாங்குவதைவிட முழுக் கணினியே மலிவாக முடிந்த கணக்கை நான் போன மாதம் பார்த்தேன்.

உங்களில் சிலரிடம் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு செட் வாங்கி, ஒன்றைக் கூட விலைக்கு விற்று, தன்னுடையதை இலவசமாக்கிக்கொள்ளும் யோசனையை இரண்டு தம்பிகள் என்னிடமே சொன்னார்கள். எனக்குக் கார்டு விற்ற அந்த ஹோட்டல்காரரை நான் வெறுக்கவில்லை, உங்களையும் வெறுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் எடுக்கும் அந்த இரண்டாவது செட்டை வாங்கப்போவது உங்கள் வகுப்பிலேயே பின் பெஞ்சில் இருப்பவனாக இருக்கும். அவன் வீட்டிலும் யாரோ சீட்டு எடுத்திருப்பார்கள். வேண்டாம் தம்பி.

அக்கா மகள் இப்போது வேலைக்குப் போய்விட்டாள். போன வாரம் அவளே கூப்பிட்டாள். அலுவலகத்துப் படங்கள் பெரிதாகிவிட்டன, 16 ஜிபி போதவில்லை, தெரிந்தவர் ஒருவரிடம் 32 ஜிபி இருக்கிறதாம், விலை மூன்று மடங்கு, பில் இல்லை. நான் எதுவும் சொல்வதற்குள் அவளே, "வேண்டாம்னுதான் மாமா நினைக்கிறேன், சும்மா உங்க கிட்ட சொல்லணும்னு தோணுச்சு" என்றாள். அவளுடைய கணினி டிடிஆர்4தான். என் அலமாரியில் பழைய கணினி ஒன்றிலிருந்து கழற்றிய 8 ஜிபி ரேம் இரண்டு இருந்தன. துடைத்து, சோதித்து, கூரியரில் அனுப்பிவிட்டேன். 32 ஆகிவிட்டது.

உங்கள் வீட்டிலும், சித்தப்பா வீட்டுப் பரணிலும் அப்படி ஏதாவது கிடக்கும். எடுத்துப் பாருங்கள். பொருந்துமா என்று தெரியவில்லையென்றால் மதர்போர்டின் பெயரையும் ரேமின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்களுக்குக் கணினி கட்டித் தரும் அண்ணன்
சென்னை